என் இடுப்பு, யாருடைய மானம்?

அன்பு மகன் ரிஃபாத்துக்கு,

நீயும் மருமகள் ரானியாவும் இறைவன் காவலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகமாக இருக்கிறேன். பேச்சுக்கு எழுதவில்லை, நிஜமாகவே சுகம்தான், அதுதான் உனக்கும் உன் சித்தப்பாவுக்கும் பொறுக்கவில்லை போலிருக்கிறது. போனில் பேசினால் நடுவில் அம்மா அம்மா என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், கோபம் வந்தாலும் கடைசிவரை படி, எனக்கும் கோபத்தோடுதான் கை ஓடுகிறது.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியாது. நீ பூங்கொத்து அனுப்பினாய், அழகாகத்தான் இருந்தது. காயம் ஆறிவிட்டது, ஆனால் இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை, குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். தும்மினால் உடுப்பு நனைந்துவிடும். இதை மகனுக்கு எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காதே, உன்னைச் சுமந்த உடம்புதான் இது. டிராமில் ஏறப் பயந்து கடற்கரைப் பக்கம் போவதையே விட்டேன். கண்ணாடியைப் பார்க்காமல் தலை வாரிக்கொள்ளப் பழகினேன். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள், இனி நான் வெறும் கூடுதானே என்று ஒரு நினைப்பு, அதை யாரிடம் போய்ச் சொல்வது.

கீழ்வீட்டு தௌலத்தை உனக்கு ஞாபகம் இருக்கும், பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ஒருநாள் கீரைக்குழம்பு கொண்டுவந்தவள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, ஏண்டி, சுவர் விழுந்துடும்னு தாங்கிப் பிடிச்சிருக்கியா என்று கேட்டாள். அப்புறம்தான் சொன்னாள், மாலைத் தொழுகை முடிந்ததும் அவள் வீட்டுக் கூடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நம் கட்டடத்துப் பெண்கள் சிலர் இடுப்பாட்டம் ஆடுகிறார்களாம், முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வா, அவர் சரி என்றால் வா என்றாள். டாக்டர் மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார். முதல் வாரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றை உள்ளே இழுத்து மூச்சு விட்டதோடு சரி. பிறகு எழுந்து நின்று இடுப்பால் எட்டு வரையச் சொன்னாள். சின்ன வயதில் கல்யாண வீடுகளில் ஆடாத பெண் நம்மூரில் யார் இருக்கிறாள், உடம்பு மறக்கவில்லை ரிஃபாத், நான்தான் மறந்திருந்தேன். அடிவயிற்றுத் தசை இறுக இறுக முதுகு இளகியது. தும்மல் சங்கடம் குறைந்தது. படுத்தால் தூக்கம் வருகிறது. ஒருநாள் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தௌலத் வீட்டு நிலைக்கண்ணாடியில் என்னை நானே பார்த்துக்கொண்டு நின்றேன், நன்றாகத்தான் இருந்தேன். மறுநாள் தனியாக டிராம் ஏறிப் போய் மீன் வாங்கி வந்தேன். டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன செய்றீங்களோ அதை விட்றாதீங்க என்றார்.

இதெல்லாம் எதையும் கேட்காமல் உன் சித்தப்பா இஸ்மத், படியில் மேளச் சத்தம் கேட்டதும் உனக்குப் போன் போட்டான். நீயும் ஒரு வார்த்தை என்னிடம் விசாரிக்காமல், என் பேர் கெடுது, நிறுத்தச் சொல்லுங்க என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். அவன் செவ்வாய்க்கிழமை வந்து தௌலத் வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினான். அண்ணி, வெளிய வாங்க, புருஷனைப் பறிகொடுத்த பொம்பளை இந்த வயசுல இடுப்பை ஆட்டிக்கிட்டு நிக்கிறது நல்லாவா இருக்கு, உங்க மகனே வேணாம்னுட்டான் என்று கட்டடமே கேட்கக் கத்தினான். உள்ளே இருந்த பெண்கள் எல்லாம் அவசரமாக முக்காட்டைத் தேடினார்கள். வழக்கமாக இருந்தால் நானும் தலைகுனிந்து மாடிக்குப் போயிருப்பேன். அன்றைக்கு மேலங்கியைப் போட்டுக்கொண்டு நானே போய்க் கதவைத் திறந்தேன். உங்க மக கல்யாணத்துக்கு ஆட்டக்காரியைக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்காந்து கைதட்டினீங்களே இஸ்மத், அது நல்லா இருந்துச்சா, அவ உங்களுக்காக ஆடினா கொண்டாட்டம், நான் என் முதுகுக்காகக் கதவைச் சாத்திட்டு ஆடினா அவமானமா என்று கேட்டேன். எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். தௌலத் எட்டிப் பார்த்து, பாத்து இறங்குங்க, படியில விளக்கு எரியலை என்றாள், இஸ்மத் இறங்கிப் போய்விட்டான்.

அவனையாவது விடு. உன்னை என்ன சொல்ல. உன் ஊரில் பெல்லி டான்ஸ் என்று பலகை மாட்டி இதே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு ரானியாவைக் காரில் கொண்டுபோய் விடுகிறாயாம், ஆபீஸ் நண்பர்களிடம் இது எங்க நாட்டுக் கலை என்று பெருமை அடிக்கிறாயாம், அவள்தான் வெகுளியாகச் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. பனி ஊரில் கலையாக இருப்பது பெற்றவள் வீட்டில் மட்டும் எப்படி மானக்கேடாக மாறும் என்று எனக்கு எழுது. நான் கூனிக்குறுகிச் சுவரைப் பிடித்து நடந்தபோது உன் பேருக்கு ஒரு குறையும் வரவில்லை, நிமிர்ந்து நடந்தால்தான் வருகிறதா.

இன்னொன்றும் கேள். போன ஞாயிற்றுக்கிழமை ஆடத் தொடங்குகிற நேரத்துக்குக் கதவு தட்டும் சத்தம், எல்லாரும் பதறினோம். திறந்தால் உன் சித்தி ஹிக்மத், கையில் சால்வை. இஸ்மத்துக்குத் தெரியுமாடி என்று கேட்டேன். அவருதான் டாக்ஸி பிடிச்சு ஏத்திவிட்டாரு, என் மூட்டுவலிப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது வலிக்குதாம் என்றாள்.

நீயும் ரானியாவும் நூறாண்டு வாழ, நல்ல பிள்ளைகளைப் பெற, இறைவன் அருளட்டும். உன்மேல் கோபம்தான், ஆசிக்குக் குறைவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. தௌலத்துக்கு நீயே போன் செய்து மன்னிப்புக் கேள், சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. ஞாயிறும் செவ்வாயும் மாலையில் என்னைக் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
இன்ஷிராஹ்