கரிவண்டியில் மூன்றாவது இருக்கை

1942 மே 11, திங்கள்

சென்னையில் குண்டு விழும் என்று பயந்து வந்தவர்களால் திருத்தணியின் சத்திரங்கள் நிரம்பிவிட்டன. மாட்டுக் கொட்டகைகளும் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. குண்டு இங்கேயும் விழக்கூடும் என்று எவருக்கோ தோன்றியதன் பயனாக ஊருக்கு ஒரு முதலுதவிப் படை கிடைத்திருக்கிறது. இன்று அதில் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் ராஜகோபால், “அம்மா, உங்க வயசு...” என்று இழுத்தார். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தேன், பி.ஏ. தேறியவள், படிகளை இன்னும் கைப்பிடியில்லாமல் ஏறுகிறேன் என்றேன். மூன்றுமே அவர் கேட்ட கேள்விக்கு விடையல்ல. நல்ல மனிதர், மறுபடி கேட்கவில்லை.

ஒரு குறையை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அந்த முப்பது வருஷத்தில் என் முன்னால் மயங்கி விழ எந்தப் பெண்ணும் துணிந்ததில்லை. ஆகவே அனுபவம் போதாது.

மே 14

படைத் தலைவர் கஜபதி. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனிதர்களையும் ரயில்களைப் போலவே பிரித்துவைத்திருக்கிறார்: வருகிறவை, போகிறவை, தாமதமானவை. என்னை மூன்றாவதில் சேர்த்தாயிற்று.

முக்கோணத் துணியால் தலைக்கட்டுப் போடக் கற்றேன். கூடப் படையில் சேர்ந்த கோவிந்தம்மாள்தான் பாவனை நோயாளி. நெமிலிப் பக்கம் நிலம் உள்ள குடும்பத்துப் பெண். ஒரு மூட்டை நெல்லைத் தனியாகத் தூக்குவாள். நான் கட்டி முடித்ததும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். “அம்மா, எனக்கு அடி தலையிலதான? மூக்கை எதுக்குக் கட்டிகினு கீறீங்க?”

மே 22

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது! பெட்ரோல் கிடைக்காத காலம். ஆகையால் பின்னால் கரியடுப்பு பொருத்திய பழைய பஸ். அடுப்பை மூட்டி, காற்றுச் சக்கரத்தைச் சுழற்றி, புகை பக்குவப்படும்வரை காத்திருந்தால்தான் நகரும். ஓட்டுநர் பங்காரு தெலுங்கும் தமிழும் கலந்து அதனிடம் கெஞ்சுகிறான். “போ நைனா, போ ராஜா.” அது போவதில்லை. அவசரத்துக்கென்று அரசாங்கம் தேர்ந்தெடுத்த வாகனம் இது.

முன்னால் மூன்று இருக்கைகள். ஓட்டுநருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, முதலுதவி செய்பவருக்கு ஒன்று. அந்த மூன்றாவதில் தம் மாப்பிள்ளை பரசுராமனை ஏற்றிவிட கஜபதி பார்க்கிறார். “அம்மா பெரியவங்க. வண்டி குலுக்கல் ஆவுமா? அம்மா ஆஸ்பத்திரியிலேயே கட்டுத்துணி மடிச்சிகினு இருக்கட்டுமே,” என்று டாக்டரிடம் எனக்காக உருகினார்.

“ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடியட்டும். யார் எப்படின்னு பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரை அம்மாவே வரட்டும்,” என்றார் டாக்டர்.

அந்த இருக்கை எனக்கு வேண்டும். வீட்டில் தம்பி மனைவி ஜெயகுமாரி எனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி போட்டு, மெத்தையும் தைத்து வைத்திருக்கிறாள். எத்தனை அன்பான மெத்தை! ஒரு வாரம் அதில் உட்கார்ந்தால் பிறகு என்னை எழுப்பவே மாட்டார்கள்.

ஜூன் 3

முதல் அழைப்பு. அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளியைத் தறிக்குழியில் தேள் கொட்டிவிட்டதாம். கரி பிடிக்க ஒரு யுகம். வழியில் மேட்டில் வண்டி நின்று இன்னொரு யுகம். போய்ச் சேர்ந்தபோது நோயாளி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்.

“காலு எப்படி இருக்குது?” என்றேன்.

“அது அப்பவே போயிடுச்சும்மா. வந்தது வந்தீங்க, இந்தத் துணி மூட்டையைச் சந்தையில எறக்கிடுறீங்களா?”

இறக்கினோம். பயணக் குறிப்பில் ‘நோயாளி நலம்’ என்று கஜபதி எழுதினார். மூட்டையும் நலம்.

ஜூன் 20, சனி

ரயில்வே ஸ்டேஷனில் ஒத்திகை. குண்டு விழுந்ததாகப் பாவனை. காயம்பட்டவராக நடிக்க ஆள் போதாமல், பிளாட்பாரத்தில் காத்திருந்த ஒரு பிரயாணியைக் கஜபதி பிடித்துவந்தார். தொடையெலும்பு முறிவு. கக்கத்திலிருந்து கணுக்கால்வரை மரச்சிம்பு வைத்து ஏழு இடங்களில் கட்டினேன். அழகான வேலை, நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போது அரக்கோணம் வண்டி வந்துவிட்டது. மனிதர் எழுந்தார், சிம்போடும் கட்டோடும் கொக்கைப் போல நொண்டிக்கொண்டு ஓடி ஏறிவிட்டார்! கார்டு கொடி காட்டினார். “சிம்பு! சிம்பு!” என்று கஜபதி பிளாட்பாரத்தின் கடைசிவரை ஓடினார். ஒரு முடிச்சுகூட அவிழவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

ஜூலை 9

பரசுராமன் வகுப்புக்கு வந்தான். டாக்டர் ஒரு கொப்புளத்தை ஊசியால் கீறிக் காட்டினார். பரசுராமன் விழுந்தான். எனக்கு நல்ல பயிற்சி.

ஆகஸ்ட் 5, புதன், பரணி

எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

மலைப்படியின் நடு மண்டபத்தில் எனக்கும் கோவிந்தம்மாளுக்கும் காவல். நான் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவள். கிருத்திகையன்று எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். காவடி என்றால் எனக்குத் தெருவில் போகும் சத்தம், அவ்வளவுதான். கோவிந்தம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் ஒருவன் புஷ்பக் காவடியோடு வந்தான். கண் மேலே செருகியிருந்தது. பல் கிட்டியிருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். வலிப்பு! புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதுகூட மனத்தில் வந்தது. காவடியை அவன் தோளிலிருந்து வாங்கித் தரையில் வைத்தேன். அவனைச் சாய்த்தேன். அரைத்துணியைத் தளர்த்தினேன். பல்லுக்கிடையில் கைக்குட்டையைச் சுருட்டித் திணித்தேன்.

அவன் அதைத் துப்பிவிட்டுக் கண்ணைத் திறந்தான். “இன்னாம்மா பண்றே நீ?”

அவ்வளவுதான், கூட வந்த பெண்கள் அலறிவிட்டார்கள். “ஐயோ, காவடி தரையில பட்டுப்போச்சே! சந்நிதி சேர்ற வரைக்கும் எறக்கக் கூடாதுன்னு ஊரே தோள் மாத்திகினு வந்தோமே!” பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதும் அந்த மனிதனின் கால்களும் நின்றன. அதை அப்போதே பார்த்தேன். பார்த்து என்ன பயன்? நடந்தது அருள் வந்த ஆட்டம். வேர்வையில் குளித்திருந்தான், நெற்றியில் திருநீறு சேறாகக் குழைந்து வழிந்துகொண்டிருந்தது. நோயாளி அப்படியா இருப்பான்?

அவர்கள் மறுபடி குளத்துக்கு இறங்கி, முழுகி, முதலிலிருந்து ஏற வேண்டியதாயிற்று. கால் வெடித்த ஜனங்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கிழவி, என்னைவிட இளையவள், “படிச்சவ மாதிரி கீறே, உனக்கு இது தெரியாதா?” என்றாள். தெரியாதுதான்.

கஜபதி மாலையில் மிகுந்த துக்கத்தோடு, துள்ளாத குறையாக, டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் உத்தரவு: நாளை நான் அடிவாரத்தில் கால் கொப்புளத்துக்கு மருந்து போட வேண்டும். கொப்புளத்தைத் தவிர வேறு எவர்மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் மூன்றாவது இருக்கை பரசுராமனுக்கு.

ஆகஸ்ட் 6, வியாழன், ஆடிக் கிருத்திகை

ஆஸ்பத்திரித் திண்ணையில், மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

உச்சி வேளை. வெறுங்காலோடு நிற்க முடியாத கல் சூடு. அடிவாரத்தில் நான், என் டிங்ச்சர் புட்டி, எதிரில் காவல் பூதம் போல் கஜபதி, பக்கத்தில் பரசுராமன். டாக்டர் மலைமேல். பள்ளிப்பட்டுக்கு அப்பாலிருந்து நடந்தே வந்த ஒரு கூட்டத்தில் சின்னசாமி என்கிறவன் விழுந்து உதறத் தொடங்கினான். காவடியை அவன் மச்சான் தாவிப் பிடித்துக்கொண்டான். “சாமி வந்துடுச்சு!” என்று கூட்டம் சூழ்ந்தது.

“முருகா, இன்னா குறை, சொல்லு.”

“மழ வருமா சாமி?”

“ஜப்பான்காரன் குண்டு போடுவானா, அதைக் கேளுங்கப்பா!”

அவன் ஏதோ குழறினான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தேன். பம்பைக்காரர் தொண்டை நனைக்க அடிப்பதை நிறுத்தினார், உதறல் நிற்கவில்லை. முகம் செங்கல் நிறம். அவன் மனைவி ஜெயம்மாள் ஒரு பிடி திருநீறு எடுத்து நெற்றியில் அப்பினாள். ஒட்டவில்லை. உலர்ந்த சுவரில் பூசினாற்போல் உதிர்ந்தது. இந்த வெயிலில், இத்தனை தூரம் நடந்துவந்தவன் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

இது சாமியில்லை. வெயில்.

“கஜபதி, இவன் செத்துப்போவான்,” என்றேன்.

“அம்மா! நேத்தும் நோய்னுதான் சொன்னீங்க. கை வைக்கக் கூடாது. டாக்டர் உத்தரவு.”

“சாமிதானே மாமா?” என்றான் பரசுராமன்.

உத்தரவை மீறித் தொடப் போனாலும் கூட்டம் விடாது. நேற்றுக் காவடியை இறக்கிய கிழவி நான்தான் என்று அதற்குள் மலையடிவாரம் முழுக்கத் தெரியும். வைத்தியம் என்று சொன்னால் அடிப்பார்கள். என்ன செய்ய? ஆயிரம் பெண்களை ஒரே அதட்டலில் அடக்கிய குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

“சாமி அபிஷேகம் கேக்குது!”

சத்தம் அடங்கியது. பம்பைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“எனக்குக் கேக்குது. நீ பம்பை அடிச்சிகினு இருந்தே, உனக்குக் கேக்கலை.”

யாரோ சிரித்தார்கள். ஜெயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னா அபிஷேகம்மா? பாலா?” என்று பால்குடத்தைத் தூக்கினாள்.

“பால் வேணாம். தண்ணி. குடம் குடமா ஊத்தணும். மரத்தடிக்குத் தூக்கிகினு போங்க, சாமிக்கு நெழல் வேணுமாம். வேப்பிலையால விசிறுங்க. நிறுத்தாம!”

அப்புறம் ஒரு கூட்டம் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும்! எந்தப் படையும் அப்படிச் செய்யாது. குளத்திலிருந்து மரத்தடிவரை வரிசை நின்று குடங்களைக் கை மாற்றினார்கள். அரோகரா ஒன்றுக்கு ஒரு குடம். கோவிந்தம்மாள் எங்கிருந்தோ வந்து இரண்டிரண்டாகக் கொண்டுவந்தாள். ஒரு தனவந்தர், “பன்னீர் ஆவுமா?” என்றார். ஊற்றுங்கள் என்றேன்.

“சாமிக்குப் போதுமாம்மா?”

“போதாது.”

நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை. கஜபதி பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: “சாமிக்கு... உடம்பு சூடு எப்படியாம்?”

“எனக்குத் தொட உத்தரவில்லை. நீங்க தொட்டுப் பாருங்க.”

கழுத்தில் கை வைத்தார். எடுத்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. “அடுப்பு மாதிரி கீதே அம்மா!” ஓடிப்போய்த் தாமே ஒரு குடம் தூக்கிவந்தார்.

உதறல் தணிந்ததும், “சாமி ரதம் ஏறணும்னு சொல்லுது,” என்று வண்டியைக் காட்டினேன். பங்காரு காற்றுச் சக்கரத்தோடு மல்லுக்கு நின்றான், கரி பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் என்ன? ரதத்தை இழுக்கத்தானே ஜனங்கள் வந்திருக்கிறார்கள். பம்பை முன்னே போக, காவடிகள் பக்கத்தில் ஆட, நூறு பேர் ஆம்புலன்ஸை ஆஸ்பத்திரிவரை தள்ளினார்கள். “நைனா, மெல்ல! பிரேக்கு ஒழுங்கா இல்ல, மெல்ல தள்ளுங்க!” என்று பங்காரு கதறினான். கஜபதி பின்னால் முழங்காலிட்டு நோயாளிமேல் தண்ணீர் ஊற்றியபடியே வந்தார். பரசுராமனும் தள்ளினான். நன்றாகவே தள்ளினான்.

எங்கள் வண்டி இத்தனை வேகமாக ஒருநாளும் போனதில்லை.

பிழைப்பானா?

ஆகஸ்ட் 7

பிழைத்தான். காலையில் கஞ்சி கேட்டான். காவடியை மச்சான் சந்நிதியில் சேர்த்துவிட்டானாம்.

ஜெயம்மாள் என்னைத் தனியே அழைத்தாள். “சாமி வேற ஏதாச்சும் கேட்டுச்சாம்மா?”

“ஒரு மாசம் வெயில்ல வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லுச்சு.”

“அப்புறம்?”

அவள் முகத்தைப் பார்த்தேன். “சாராயத்தையும் நிறுத்தணும்னுச்சு.”

“ஆங். அதைக் கொஞ்சம் உள்ள வந்து சத்தமா சொல்லுங்க. அவருக்குக் கேக்கணும்.”

ஆகஸ்ட் 8, சனி

போதகர் ஏசுவடியான் வீடு தேடி வந்தார். காபியைத் தொடவில்லை.

“அம்மா, நீங்க முருகன் பேர்ல அருள்வாக்கு சொன்னதா ஊர்ல பேசிக்கிறாங்க.”

“அவன் உடம்பு தண்ணீர் கேட்டது. அங்கிருந்த ஜனங்களின் பாஷையில் மொழிபெயர்த்தேன்.”

காபி டம்ளரைப் பார்த்தார். “சாராயம்?”

“அது என் சொந்த நடை.”

காபியை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 12, சனி

ஆஸ்பத்திரிக் கூடத்தில் புதியவர்களுக்கு முதல் வகுப்பு. பாடம் நடத்தியவர் கஜபதி. நான் பின்வரிசையில் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“வெயில் தாக்குதா, அருள் வந்திருக்குதான்னு பார்க்க நம்ம படையில ஒரு முறை உண்டு. திருநீறு வெச்சுப் பாக்கணும். குழைஞ்சா அருள், கும்பிட்டு வழி விடு. உதிர்ந்தா வெயில், உடனே நெழலுக்குக் கொண்டுபோ, தண்ணி ஊத்து. தொடுறதுக்கு முன்னால ஜனங்களை நம்ம பக்கம் சேர்த்துக்க.” யாருடைய முறை என்று அவர் சொல்லவில்லை. முப்பது வருஷம் கொடி காட்டியவர். எல்லா ரயிலும் தம்முடையது என்றே நினைப்பார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “சார், சாமி இன்னா கேக்குதுன்னு நாம எப்படிச் சொல்றது?”

கஜபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“அதுக்கு வண்டியில, முன்னால, என் பக்கத்துல ஒருத்தர் வருவாங்க. அவங்களைக் கேட்டுக்கலாம்.”

நான் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு மடித்த நாலைந்து துணிகளும் கோணலாக இருந்தன. அத்தனையையும் பிரித்து மறுபடி மடித்தேன்.