உன் அத்தை பாடிய கல்யாணம்

வலங்கைமான்
14-10-1973

அன்பு மகள் வள்ளியம்மைக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சிங்கப்பூரில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இங்கே எங்கள் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, மனசுதான் நன்றாக இல்லை. ரேடியோவில் பாடகி ஞானாம்பாள் காலமானார் என்று சொல்லி ஒரு மணி நேரம் அவள் பாட்டாகவே வைத்தார்கள், அது நம் அத்தைதானா, ஏன் ஒரு தந்திகூடக் கொடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். ஆமாம் அம்மா, நம் அத்தையேதான். போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின செவ்வாய் மெட்ராஸில் போய்விட்டாள். நான்தான் கொள்ளி வைத்தேன். தந்தி கொடுக்கப் போஸ்டாபீஸ் வரை போனேன், என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். உன்னிடம் மூன்று வருஷமாக மறைத்ததை முதலில் சொல்லாமல் அதை மட்டும் எப்படி எழுதுவது.

அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். நாங்கள் மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுதவர்கள், எங்கள் அம்மாவோடு அவளும் நடவுக்குப் போவாள், வரிசையில் முதல் பாட்டு எடுப்பது அவள்தான். பதினாலு வயதில் கும்பகோணத்துக்கு வந்த நாடகக் கம்பெனிக்காரர் கேட்டு அழைத்துப் போனார். கம்பெனி கலைந்து மெட்ராஸில் சினிமாவுக்குக் கோரஸ் பாடினாள், ஆறு வருஷம் பின்வரிசையில் நின்றாள். ஒருநாள் பாட வேண்டிய அம்மாள் காய்ச்சல் என்று வரவில்லை, பின்வரிசையில் யாருக்குப் பாட்டு மனப்பாடம் என்று கேட்டிருக்கிறார்கள், இவள் கையைத் தூக்கி ஒரே டேக்கில் பாடி முடித்துவிட்டாள். இசைத்தட்டில் பெயர்கூடப் போடவில்லை. அடுத்த படத்தில் போட்டார்கள். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் எந்த ஊர்க் கல்யாணத்திலும் ஒலிபெருக்கி கட்டினால் அவள் குரல்தான். இவ்வளவு நேரம் எப்படி மூச்சுப் பிடிக்கிறாய் என்று பெரிய வித்வான்கள் கேட்பார்களாம், குனிந்து நட்டுக்கொண்டே பாடிப் பழகினவளுக்கு நிமிர்ந்து நின்று பாடுவது ஒரு வேலையா என்பாளாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புரட்டாசியில் நேரம் கிடைத்தால் காரில் வந்து இறங்கி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நம் வயலில் இரண்டு முடி நாற்று நடுவாள், உனக்கு நினைவிருக்கும்.

நீ கல்யாணமாகிப் போன மறுவருஷம் தை மாதம் நடந்தது இது. குத்தகைக்காரர் பெயரையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்த நேரம். மிராசுதார் எங்களில் ஒருவர் பெயரும் ஏறக்கூடாது என்று நின்றார். விளைச்சலைப் பண்ணை ஆட்களே அறுத்துவிட்டால் அது சொந்த சாகுபடி என்று தாசில்தாரிடம் சொல்லிவிடலாம் அல்லவா. அதனால் நாங்கள் பன்னிரண்டு குடும்பம் முறைபோட்டு வரப்பில் காவல் இருந்தோம், பத்து நாள். அதற்குள் மிராசுதார் மகளுக்குக் கல்யாணம் வந்தது, முகூர்த்தம் முடிந்ததும் ஞானாம்பாள் பாட்டு என்று நோட்டீஸ் போட்டார்கள். முதல் நாள் அவள் நம் வீட்டுக்கு வந்து, அண்ணே, நான் ஒரு பைசா வாங்கலே, உன் மூணு மா நிலத்தையும் உன் பேர்ல பதிஞ்சு குடுத்துடறேன்னு சொன்னாரு, அதுக்குத்தான் பாடறேன் என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். மற்ற பதினோரு பேருக்கு என்ன என்று நான் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் காவல் முறை எனக்கும் பக்கத்து வயல் நடராசனுக்கும் இன்னும் நாலு பேருக்கும். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்ததும் என்னால் இருக்க முடியவில்லை. என் தங்கச்சி பாடுது, கல்யாணத்தன்னிக்கு எவன் வந்து கதிரறுக்கப் போறான், வாங்கடா என்று நான்தான் கூப்பிட்டேன். நடராசன் தயங்கினான், கையைப் பிடித்து இழுத்துப் போனேன். ஊரே பந்தலில் இருந்தது. அவள் முடிக்கப் போனால் மிராசுதார் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நாலு மணி நேரம் பாடினாள். சாப்பிட்டுத் திரும்பினால் வயல் மொட்டை. லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக் கட்டி ஏற்றிப் போய்விட்டார்கள். நம் மூன்று மா மட்டும் ஒரு கதிர் குறையாமல் நின்றது.

பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு மிராசுதார் அவளைத் தங்கவைத்திருந்த வீட்டு வாசலுக்குப் போனார்கள், நானும் போனேன். தெரிஞ்சுதானே பாடினே என்று நடராசன் பெண்சாதி கேட்டாள். ஞானம் என்னைப் பார்த்தாள். அண்ணே, நீ சொல்லு என்றாள். லாரி விஷயம் அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும், காவலைக் கலைத்தவன் நான் என்பதும் தெரியும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இவ எனக்குத் தங்கச்சியே இல்லை, பண்ணைக்குப் பாட வந்தவ என்று சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். காரில் ஏறிப் போய்விட்டாள்.

மிராசுதார் அவளுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், பன்னிரண்டு பேரில் என் பெயர் மட்டும் பதிவானது. தெருவில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. ஆடி மாதம் எனக்குக் குத்தகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அது நியாயத்துக்காக இல்லை அம்மா, பேச்சுத் தாங்காமல். உனக்கு எழுதிய கடிதத்தில் குத்தகை முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னோம். அன்றிலிருந்து அரிசி மில்லில்தான் மூட்டை எடை போடுகிறேன். நடராசன் குடும்பம் கூலிக்குப் போகிறது. டீக்கடையில் அவள் பாட்டு வந்தால் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள்.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல் அடியோடு போய்விட்டது. தேடி வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். உன் அம்மா போகச் சொல்லிச் சொல்லி அழுதாள், எந்த முகத்தோடு போவேன் என்று இருந்துவிட்டேன். போன மாதம் மெட்ராஸில் அவள் பக்கத்து வீட்டு ரசியா பேகம் என்ற அம்மாள் எழுதினார்கள், இனி நாள் தாங்காது, அவங்க ஒருத்தரையும் கேட்கலே, நானாத்தான் எழுதறேன் என்று. போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் காலண்டர் தாளில் எழுதிக் காட்டினாள், நம்ம மூணு மாவுல என்ன நட்டிருக்கு என்று. அதை நான் விட்டுவிட்டது அவளுக்குத் தெரியவே தெரியாது. குறுவை அறுத்தாச்சு, சம்பா நட்டாச்சு என்றேன். யார் யார் நடவுக்கு வந்தாங்க என்று எழுதினாள். நடராசன் வீட்டிலேர்ந்து நாலு பேர் வந்தாங்க, எல்லாரும் உன்னைக் கேட்டாங்க என்றேன். தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரயிலில் வழியெல்லாம் நினைத்துப் போனவன், கேட்டால் இந்தப் பொய் உடைந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். எட்டாம் நாள் போய்விட்டாள்.

நேற்று நடராசன் வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காவலைக் கலைத்தது நான், அவள் ஒன்றும் அறியாதவள் என்று. அவன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு அன்னிக்கே தெரியும் பஞ்சநதம், கையப் புடிச்சு இழுத்தது நீதானே, அந்தப் பொண்ணு உன்னைத்தானே பாத்துச்சு, நீ என்னைக்கு வாயத் தொறந்து சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம் என்றான். புதன்கிழமை பதினாறாம் நாள் காரியம், வா என்று கூப்பிட்டேன். அவன் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தான்.

குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். ரசியா பேகம் அம்மாளுக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது, கடைசி வரை அவளுக்குத் துணி மாற்றிவிட்டது அவர்கள்தான், விலாசம் பின்பக்கம் இருக்கிறது. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் மனநிறைவோடும் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் அப்பா,
பஞ்சநதம்