ரெண்டு படி இறக்கி வைத்த சுருதி

என் பிரியமுள்ள மாப்ளே சுருளி,

உன் பெயரைக் கடைசியாக நான் எழுதியது அச்சாபீஸில். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பிழையில்லாமல் எழுதித் தரச் சொல்லி உன் தம்பி தாளை நீட்டினான். சுருளிவேல், எலெக்ட்ரீசியன் என்று எழுதினேன். கீபோர்டு கலைஞர் என்றும் போடச் சொன்னாள் உன் ஈஸ்வரி. போட்டேன். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் உன் பெயரை எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. முதுகில் தட்டு விலகிவிட்டதாம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைவளைவுகளில் இத்தனை காலம் குலுங்கியதற்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்றார் டாக்டர். ஜீப்பைக் குரங்கணிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். காலையில் தோட்டத்துப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் தெருமுனையில் கியர் மாற்றும்போது எனக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து போகச் சோலி இல்லை. பகல் முழுக்கக் களைப்பாக இருக்கிறது. ஒரு வேலையும் செய்யாத மனிதனுக்கு எப்படி மாப்ளே இவ்வளவு களைப்பு வருகிறது?

உன் கீபோர்டு என்னிடம்தான் இருக்கிறது. நீ போன மாதமே ஈஸ்வரி கூப்பிட்டுக் கொடுத்தாள். அது கண்ணில் படும்போதெல்லாம் சோறு இறங்கவில்லை, கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நீ வாசிக்க, அவள் பாட, காதுகுத்து, வளைகாப்பு என்று எத்தனை வீடுகளுக்கு அதை என் ஜீப்பில் ஏற்றி இறக்கியிருப்பேன். ஆனால் அதில் ஒரு கட்டையைக்கூட நான் தொட்டதில்லை. போர்வையில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன்.

திருப்பூரில் இருக்கிற என் மகள்தான் அதை இறக்க வைத்தாள். அப்பா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரி ராசாத்தி அவளிடம் போனில் அழுதிருக்கிறாள். மகள் என்னைக் கேட்காமலே ஆன்லைனில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். இசையின் அடிப்படை இலக்கணம், ஒன்றும் தெரியாதவர்களுக்கு. பாடங்களைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் டீச்சரே போன் திரையில் வந்து பாடம் எடுப்பார். கோயம்புத்தூர்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும்.

சிரிக்காதே. ச ரி க ம என்பது ஏழு, கீபோர்டில் கட்டை பன்னிரண்டு, அப்புறம் மறுபடி முதலிலிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்குப் போனால் ஒரு படி. ராத்திரி படுக்கும்போது தெரிந்தது காலையில் மறந்துபோகிறது. கூடப் படிப்பவர்களெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஒருநாள் டீச்சர் மேஜர், மைனர் என்று இரண்டு விதமாக வாசித்துக் காட்டி, எது சந்தோஷமாகக் கேட்கிறது, எது சோகமாகக் கேட்கிறது என்று கேட்டார். எனக்கு இரண்டுமே சோகமாகத்தான் கேட்டன. அதையே சொன்னேன். பரவாயில்லை சார், போகப் போகப் பிரியும் என்றார் டீச்சர்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் இது நடந்தது.

தனித்தனியாக ஆளுக்கொரு ‘ச’ வாசிக்கச் சொன்னார் டீச்சர். என் முறை வந்தது. சரியான கட்டையைத்தான் அழுத்தினேன். அங்கிள் வேற சுரம் வாசிக்கிறாங்க மிஸ் என்றது ஒரு பிள்ளை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் தப்பு. டீச்சர் கீபோர்டின் சின்னத் திரையைப் போனில் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, உங்கள் கை சரிதான் சார், இதில் சுருதியை ரெண்டு படி இறக்கிச் சேமித்து வைத்திருக்கிறார்கள், பாடுகிறவர் யாருக்காகவோ செய்திருப்பார்கள், இந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றார்.

கரண்ட் போய்விட்டது என்று பொய் சொல்லிப் போனை அணைத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஈஸ்வரி கழுத்தில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்களே, அப்போது குரல் இறங்கினாலும் இறங்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பல மாதம் அவள் வாயே திறக்கவில்லை. அப்புறம் தேவாரம் ஊரில் ஒரு காதுகுத்து வீட்டில் பாட வைத்தாய். எப்போதும் பாடும் பாட்டை முழுசாகப் பாடினாள். திரும்பி வரும்போது ஜீப்பில் நீ பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

“கத்தி வச்சும் எம்பொண்டாட்டி கொரல் ஒரு படி எறங்கல மச்சான்.”

ஈஸ்வரி பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாய். நானும் நம்பினேன். நீ யாருக்கும் தெரியாமல் கீபோர்டின் சுருதியை இறக்கி வைத்திருக்கிறாய்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் கீபோர்டைத் தொடவில்லை. பட்டனை அழுத்தினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நீ கடைசியாகக் கை வைத்துச் செய்த வேலை அது. ஈஸ்வரியைக் கேட்காமல் அழிக்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டால் உன் பொய் வெளியே வந்துவிடும். நீ இருந்தால் என்ன செய்யச் சொல்லியிருப்பாய்?

கடைசியில் ஒரு சாயங்காலம் போனேன். அவள் இப்போது ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கிக்குப் போகிறாள். வேலைவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் ஏலக்காய் வாசம். எழுந்து கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். பாட்டுப் படிக்கிறேன் என்றேன், சந்தோஷப்பட்டாள். கீபோர்டில் அவன் வைத்திருந்த ஒன்றை மாற்ற வேண்டியிருக்கிறது, உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன் என்றேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ரெண்டு படி எறக்கி வச்சிருப்பாரு. அதானேண்ணே?” என்றாள்.

“ஒனக்குத் தெரியுமா தாயி?”

“பாடுறவளுக்குத் தெரியாதா? அந்தப் பாட்டுல மேல போற எடத்துல எனக்கு எப்பவும் தொண்டை இழுக்கும். தேவாரத்துல அன்னைக்கு இழுக்கல. கத்தி வச்ச தொண்டை எப்படிண்ணே முன்னைக்கு இப்ப நல்லாருக்கும்? அங்கனயே தெரிஞ்சுபோச்சு.”

அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அம்புட்டு சந்தோசமா வாசிச்சாரு. தெரியும்னு சொல்லியிருந்தா மொகம் வாடிப்போயிருக்கும். அதான் தெரியாத மாதிரியே பாடிட்டேன்.”

இதுதான் மாப்ளே, உனக்குச் சொல்ல வந்த செய்தி. அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். நீ அவளுக்காக மறைத்தாய், அவள் உனக்காக மறைத்தாள், உங்கள் இரண்டு பேரையும் பின்னாலும் முன்னாலும் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நான் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

கிளம்பும்போது, மாற்றிவிடுங்கள், நீங்கள் படிக்க வேண்டுமல்லவா என்றாள். வீட்டுக்கு வந்து அந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். திரையில் சைபர் வந்தது. ராசாத்தி சாப்பிடக் கூப்பிட்டாள். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு மறுபடி போனேன். ஆரம்பப் பாடம் ஒருவழியாக முடிந்துவிட்டது. அடுத்ததற்குச் சேருங்கள் சார் என்கிறார் டீச்சர். முதுகு இருக்கிற நிலைமையில் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். ராசாத்தியோடு உட்கார்ந்து உருவிக்கொண்டே கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, ஒரு ‘ச’ கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். அவளுக்கு எட்டவில்லை. ஒரு கட்டை கீழே வந்தேன். இன்னும் ஒன்று. நீ வைத்திருந்த இடத்துக்கு வந்தும் நிற்கவில்லை. அதற்கும் கீழே ஒரு கறுப்புக் கட்டையில்தான் அவள் குரல் போய் உட்கார்ந்தது.

உன்னைப் போல மறைக்க எனக்கு வித்தை தெரியாது. “இன்னும் ரெண்டு படி எறங்கிருச்சு தாயி” என்றேன்.

“இருக்கட்டும்ணே. நீங்க அந்தக் கட்டையவே பிடிச்சுக்கங்க” என்றாள்.

இரண்டு வரி பாடினாள். இருமல் வந்தது, நிறுத்திவிட்டாள். கீரையை உருவி முடித்துவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்தக் கறுப்புக் கட்டையிலிருந்து தொடங்கி வாசிக்க ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பழகுகிறேன். பட்டன் போடாமல், விரலாலேயே. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. கால் மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது, படுத்துவிட்டு மறுபடி எழுந்திருக்கிறேன். அவள் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பழகுவேன். அவள் குரல் இன்னும் எவ்வளவு கீழே போனாலும் அங்கே போய் நிற்க ஓர் ஆள் இருப்பான். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு மாப்ளே.

உன் ஈஸ்வரிக்கு அண்ணனும்,
உனக்கு என்றும் மச்சானுமான
தவமணி,
போடி.