வெற்றி நாளுக்கு ஒன்பது நாள் முன்னால்

அண்ணி,

விழா முடிந்து நான்கு நாளாகியும் கீழ்க்கட்டளை நிறுத்தத்தில் கட்டியிருந்த பேனரை இன்று மாலைதான் கழற்றினார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கவும், அவர்கள் அதைச் சுருட்டவும் சரியாக இருந்தது. வெயிலில் காய்ந்த ஃப்ளெக்ஸின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உங்களுக்குத் தலைவலி கொண்டுவந்த வாடை. மேலே ஆள் உயரத்துக்குத் தலைவரின் முகம். அடியில் ஓர் ஓரமாக, தபால்தலை அளவில் என் அண்ணன். சுருட்டுகிறவர் முழங்காலை வைத்து அழுத்தினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தும் ஒன்றும் ஓடவில்லை. நீங்களும் போய்ச் சேர்ந்து வருகிற மாசியோடு ஒரு வருடம். பேசுவதற்கு வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து அவரோடு ராணுவத்தில் வேலை பார்த்த ஒருவர் விடுப்பில் வந்தாரே, தாம்பரம் பக்கத்து ஆள், அந்த நாள்தான் முதலில் ஞாபகம் வருகிறது. அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். அவர் கூடத்தில் உட்காரவே இல்லை. சமையலறை வாசலில் நின்றபடி, "அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்க முடியல" என்றார். நான் நகரப் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "நீயும் கேளு பாப்பா. நான் ஒருத்தியா கேட்டா தாங்க மாட்டேன்."

அவர் சொன்னது சின்ன விஷயம். அன்று அந்த உச்சியை அவர்களால் பிடிக்க முடியவில்லை. திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். "அண்ணன் அடிபட்ட பையன் ஒருத்தனத் தோள்ல போட்டுக்கினு வந்தாரு. முதுகுல குண்டு பட்டுச்சுக்கா. ரெண்டு பேருமே போயிட்டாங்க." ஒன்பது நாள் கழித்து வேறொரு படைப்பிரிவு அந்த உச்சியைப் பிடித்தது. நாடு கொண்டாடுவது அந்த நாளை.

அவர் போனபின் நீங்கள் அடுப்பைப் பற்றவைத்து, காலையில் விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடர்ந்தீர்கள். "அத்தைகிட்ட சொல்ல வேணாம். முதுகுலன்னா அவங்க தப்பா எடுத்துப்பாங்க" என்று மட்டும் சொன்னீர்கள். அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் மார்பில் வாங்கிய காயங்களைப் பற்றித்தானே.

அம்மாவுக்கு அந்த வெற்றி நாள் தீபாவளிக்கு மேல். காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டி, டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தலைவர் பேசும்போது மகன் பேர் வரும் என்று காத்திருப்பாள். ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் அந்தச் சண்டையைப் பற்றி அவர் பேசினாலே போதும், மறுநாள் தெரு முழுக்கச் சொல்வாள். நீங்களோ அன்றைக்கும் விடுப்புப் போடாமல் பல்லாவரத்துப் பள்ளி ஆபீஸ் வேலைக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். அந்தக் காலத்தில் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோபத்தில்தான் அந்தப் பெரிய விழாவுக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். தாம்பரத்தில் மைதானம் நிறையப் பந்தல். பெரிய தலைவர் வருகிறார், வீரர்களின் மனைவிகளை மேடையேற்றுகிறார்கள் என்று வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள்.

"அம்மாவுக்காக வாங்க அண்ணி. ஒரு சால்வை வாங்கிக்கிறதுல என்ன குறைஞ்சிடப்போகுது?"

"ஒண்ணும் குறையாது பாப்பா. ஆனா அங்க அவங்க வேற யாரையோ பத்திப் பேசுவாங்க. நான் அந்த ஆளோட பொண்டாட்டியா நிக்கணும்."

எனக்கு அப்போது புரியவில்லை. வந்தீர்கள். தலைவர் உங்கள் பக்கம் கையைக் காட்டி, இந்தச் சகோதரியின் கணவர் எதிரியை ஓட ஓட விரட்டி, மலையுச்சியில் கொடியை நட்டுவிட்டுத்தான் கண்மூடினார் என்றார். மைதானமே கை தட்டியது. நீங்கள் சால்வையோடு குனிந்து அவரிடம் ஏதோ சொன்னீர்கள். அவர் சிரித்துக் கும்பிட்டார். என்ன சொன்னீர்கள் என்று வேனில் வரும்போது கேட்டேன்.

"இன்னொரு பையனும் செத்தான் ஐயா, அவன் பேரையும் சொல்லுங்கன்னேன். மைக் சத்தத்துல அவருக்குக் காதுல விழல."

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பினாள். முகமெல்லாம் ஈரம். "கொடி நட்டானாம்மா என் புள்ள!"

"ஆமா அத்தை" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனீர்கள். வெகு நேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கதவைத் தட்டலாமா என்று நின்றேன். தட்டவில்லை.

அதற்கு அடுத்த வருடத்திலிருந்து யாருமே வரவில்லை. அண்டை நாட்டோடு பேச்சுவார்த்தை நடக்கிறது, பழைய சண்டையை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று மேலே நினைத்தார்களாம். அந்த வெற்றி நாளில் தலைவர் டிவியில் சாலைகளைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், முடித்துவிட்டார். அம்மா டிவியை அணைக்கவில்லை. விளம்பரம் ஓடியது. அடுத்து ஒரு சமையல் நிகழ்ச்சி ஓடியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மறந்துட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள். இரண்டு நாடும் பேசிக்கொண்டாவது இருக்கின்றனவே, சமாதானம் நல்லதுதானே என்று தாயிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் உள்ளேயிருந்து போனைக் கையில் பிடித்தபடி வந்தீர்கள். "அத்தை, டெல்லியிலருந்து பேசினாங்க. காலையிலயே பேர் படிச்சு மாலை போட்டாங்களாம். டிவியிலதான் காட்டலையாம்."

அம்மா எழுந்து முகம் கழுவப் போனாள். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. மேடையில் யாரோ சொன்ன பொய்யைத் தாங்க முடியாதவர், அம்மாவுக்காக அதே மாதிரி ஒன்றைச் சொந்தமாகச் சொல்லிவிட்டு அரிசி களையப் போனீர்கள். அம்மா சாகும்வரை வருடா வருடம் அதைச் சொன்னீர்கள்.

இந்த வருடம் மறுபடி எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. குடும்பத்தில் மிச்சம் நான்தானே, எனக்கு ஒரு படிவம் வந்தது. 'வீரமரணம் அடைந்த விதம்' என்று ஒரு கட்டம். பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன்: பின்வாங்கும்போது, காயம்பட்ட வீரரைத் தூக்கி வருகையில். இரண்டு நாளில் விழா நடத்துகிறவர்களிடமிருந்து போன் வந்தது.

"மேடம், 'பின்வாங்கும்போது'ன்னு இருக்கே. அதை மட்டும் எடுத்துடலாமா? மேடைக்கு நல்லா இருக்காது."

"அதை எடுத்தா மொத்தத்தையும் எடுத்துடுங்க சார்."

"அப்போ பேரை மட்டும் படிச்சிடுறோம் மேடம்."

சொன்னபடி விழாவில் பேரை மட்டும் படித்தார்கள். கொடி இல்லை, விரட்டல் இல்லை. கைதட்டலும் அதிகமில்லை. இத்தனை வருடத்தில் அண்ணன் பேரைச் சொல்லியும் மேடையில் பொய் சொல்லாத நாள் அது ஒன்றுதான். அதற்காகச் சந்தோஷப்பட முயன்றேன். முடியவில்லை அண்ணி.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண். புருஷன் எல்லையில் இறந்து ஏழு மாதம்தான் என்றாள். முதல் தடவையாக வருகிறாள். எங்கே எழுந்திருக்க வேண்டும், எப்போது கும்பிட வேண்டும் என்று என்னையே பார்த்துச் செய்தாள். அவளைக் கூப்பிட்டார்கள். அவள் புருஷனைப் பற்றித் தலைவர் நன்றாகவே பேசினார். கடைசி மூச்சில்கூடத் தாய்நாட்டின் பேரைச் சொன்னான் என்றார். சால்வையோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தலைவர்கள் இதையெல்லாம் நினைவுகூர வேண்டுமா, கூடாதா? கூப்பிடாத வருடம் அம்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிட்ட வருடம் நீங்கள் நின்றதையும் பார்த்திருக்கிறேன். நமக்கு நடந்ததைச் சொல்ல ஒருவராவது சமையலறை வாசல்வரை வந்தார்.

அந்தப் பெண் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அவரு கடைசியா அப்படிச் சொன்னாருன்னு இவங்களுக்கு யாருக்கா சொன்னது? எனக்கு யாரும் எதுவும் சொல்லல. நெசமாக்கா அது?"

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் அடுத்த பேரைப் படித்தார்கள்.