நாற்பத்து இரண்டாவது ஆள்

ஏப்ரல் 21, திங்கள்

காலையில் நாலு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்தேன். மதியம் குச்சிக்கிழங்கு, மிளகாய்ச் சட்னி. சுமித்ரா பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, "ஏனுங்க, போதுங்க" என்று எழுந்து போனாள். ஏனுங்க! நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதினாலு மாதம், இன்னும் எனக்கு அதுதான் பெயர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சுமித்ராவுக்குப் பத்தாவது பரீட்சை முடிந்துவிட்டது. மலைக்குக் கீழே காரவள்ளியில் இருக்கும் அவள் மாமா செல்வம் போன் செய்தார். "பதினொண்ணாவதுக்கு எங்கூட்டுக்கு அனுப்பிச்சிருங்க. கீழயே நல்ல ஸ்கூலாச் சேத்திரலாம்." அவள் அப்பா, "அவ இஷ்டம். மே முடியறதுக்குள்ள சொல்லட்டும்" என்றுவிட்டார். அவ இஷ்டம் என்றால்? என்னைப் பிடிக்கவில்லை என்றால் போவாள், வேறென்ன. நாகலட்சுமி அக்கா செத்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குள் ரெண்டாந்தாரம் வந்து, மூத்தவள் பெத்த மகளைத் துரத்திவிட்டாள் என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும். அவள் போனால் எனக்கே தாங்காது.

ஏப்ரல் 23

சாயங்காலம் பலா மரத்தடியில் (டவர் அங்கேதான் கிடைக்கும்) போனைப் பிடித்துக்கொண்டு சுமித்ரா பேசிக்கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"புதுசா வந்தவங்களுக்கு அந்த இடம் பொருந்தவே இல்ல. பழசுல இருந்தவங்க ஒரு வார்த்தை பேசாமலே மனசுல நின்னாங்க. இவங்க என்ன பண்ணாலும் ஒட்டவே மாட்டேங்குது."

யார்கிட்டச் சொல்றா? மாமாகிட்டயா?

ஏப்ரல் 24

இவரிடம் கேட்டேன். சிரிக்கிறார். "ஏம்புள்ள, அவ சேனல் வெச்சிருக்கறா. பழைய பேய்ப் படத்தையெல்லாம் இப்பத் திரும்ப எடுக்கறாங்கல்ல, அது தேறுதா தேறலையான்னு பேசுவா."

படமாம். பேய்ப் படத்தைச் சாக்கு வைத்து என்னைச் சொல்லக்கூடாதா? நானும் அந்தச் சேனலைத் தேடிப் பிடித்து, பெயர் போடாமல் சேர்ந்துவிட்டேன். 'வணக்கம் மக்களே' என்கிறாள். மக்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர். நாற்பத்து இரண்டாவது ஆள் நான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சந்தேகம் என்று வந்தால் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும். அப்பாவும் மகளும் தோட்டத்துக்குப் போன பிறகு, போனில் இறக்கி வைத்திருந்த பழைய படம், புதுப் படம் இரண்டையும், பட்டப்பகலில், கதவை விரியத் திறந்து வைத்துப் பார்த்தேன்.

பழையதில் பேயைக் காட்டவே இல்லை. கிணற்றுக் கயிறு தானாக உள்ளே இறங்குகிறது, அவ்வளவுதான். நான் வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தையம்மாள் ஜாக்கெட் கேட்டு வந்து தோளைத் தொட, நான் போட்ட கூச்சலில் அவள் இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். "ஏம்புள்ள, பேயப் பாத்தவளாட்டம்?" "பேயத்தானுங்க பாத்துட்டிருக்கறேன்."

புதியதில் அதே கிணற்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பேய் மூஞ்சியைக் காட்டுகிறது. மூன்றாம் தடவை பயம் போய் எரிச்சல்தான் வருகிறது. போதாததற்கு, போனில் டவர் இல்லை என்று கதாநாயகி அலறுகிறாள். அதற்கெல்லாம் அலறுவதென்றால் எங்கள் ஊரில் தினமும் அலற வேண்டும்.

ஆனால் சுமித்ரா சொன்னது சரிதான். புதிதாக நடித்தவள் ஒட்டவில்லை. ஆக, படத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை.

மே 4

"எல்லாத்தையும் சத்தம் போட்டே சாதிக்கப் பாக்கறாங்க" என்று இன்று இன்னொரு படத்தைப் பற்றி. காலையில்தானே பால் பொங்கியதற்குக் கத்தினேன்!

மே 5

பார்த்தாகிவிட்டது. படம் முழுக்க டமார் டமார். பூனை வந்தாலும் டமார். என்னைச் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

கெடுத்துட்டேன். எல்லாத்தையும் கெடுத்துட்டேன்.

சாப்பிடும்போது இவர் மகளிடம், "புதுசுல நல்லதே இல்லையா கண்ணு?" என்று கேட்டார். "இல்லீங்கப்பா. போனது போனதுதான். அந்த இடத்துல இன்னொருத்தரக் கொண்டாந்து வெச்சா எப்படி?"

என் வாய் சும்மா இருக்குமா? "நடிச்சவளக் குறை சொல்லி என்ன ஆகுது? கிணத்துக்கிட்ட நின்னு கத்துன்னாங்க, கத்துனா. பழையவளாட்டமே இருன்னா, அவதான் என்ன பண்ணுவா?"

சுமித்ராவின் கை தட்டில் நின்றது. "கிணறுன்னு ஊட்டுல நான் சொல்லவே இல்லையே. அந்த நாப்பத்திரெண்டாவது ஆளு நீங்கதானா?"

"ஆமா கண்ணு. நீ என்னையத்தான் சொல்றியோன்னு..."

"ஒட்டுக் கேட்டீங்களா?"

எழுந்து போய்விட்டாள். இவரும் தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மே 16

ரிசல்ட் வந்தது. 431. ரவா லட்டு பிடித்தேன். இரண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காரவள்ளியில் சீட்டுக்குச் சொல்லி வைத்தாயிற்று என்று அவள் மாமா போன் செய்தார்.

மே 20

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டு, 'ஆமாங்க, போறனுங்க' என்றுவிட்டால்?

மே 25

சேனலில் ஒன்றும் போடுவதில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை அவளுக்கு. ரெண்டுக்கும் நான்தான் காரணம்.

மே 29, வியாழன்

காலையில் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏனுங்க, பதினொண்ணாவதுக்கு யூனிஃபார்ம் வேற கலருங்களாமா. நீங்களே தெச்சுக் குடுத்தர்றீங்களா?"

எந்த ஸ்கூல் யூனிஃபார்ம்? போகும்போதும் என் கையால் தைத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டுமாமா? இஞ்சு டேப்பை எடுத்து அளவெடுத்தேன். இடுப்பில் ஒன்றரை இஞ்ச் இளைத்திருக்கிறாள்.

சாயங்காலம் சேனலில் புதிதாக ஒன்று போட்டிருந்தாள். மூத்த தாரம் செத்த வீட்டுக்கு இரண்டாவதாக ஒருத்தி வரும் பேய்ப் படம். பலா மரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன்.

"வணக்கம் மக்களே. முக்கியமா, நாப்பத்திரெண்டாவது ஆளுக்கு வணக்கமுங்க. எனக்கு எப்பவும் பழைய படந்தான் பிடிக்கும். அது மாறாது. ஆனா புதுசுல ஒரு சீன் இருக்குது. ரெண்டாவதா வந்தவங்க, ஊட்டுல யாரும் இல்லைன்னு நெனச்சுட்டு, செத்தவங்க போட்டோ முன்னாடி நின்னு சண்டை போடுவாங்க. 'ஏனுங்கக்கா, உங்க மக ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கறா. நாஞ்சொன்னா எங்க கேக்கறா? நீங்களாச்சும் கனவுல போயி நாலு போடு போடக் கூடாதுங்களா?' அப்புறம் முந்தானையில போட்டோவத் துடைச்சுட்டு அடுப்பப் பாக்கப் போயிருவாங்க. பழைய படத்துல அந்தச் சீன் இல்ல. அதுக்காகவே இந்தப் படத்தக் கடைசி வரைக்கும் உக்காந்து பாப்பேன்."

திங்கட்கிழமை நாகலட்சுமி அக்கா போட்டோ முன்னால் நான் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை. தோட்டத்துக்குப் போயிட்டான்னுல்ல நெனச்சேன்! ஒட்டுக் கேட்டிருக்கா, கள்ளி. அழுகையா வருது.

ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? ஒருவேளை அந்தப் படத்திலும் இப்படி ஒரு காட்சி இருந்து தொலைத்தால்?

மே 30

இவர் யூனிஃபார்ம் துணி வாங்கி வந்துவிட்டார். இங்கே, நம் மலைப் பள்ளிக்கூடத்து நிறம்தான். வெட்டாமல் அப்படியே வைத்துவிட்டு, முதலில் படத்தைப் போட்டேன். இரண்டு மணி எட்டு நிமிடம். எங்கேயும் ஓட்டாமல், எழுத்துப் போட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு காட்சி அந்தப் படத்தில் இல்லவே இல்லை.