தவக்காலத்துச் சர்க்கரை

25 மார்ச் 2024, திங்கள்

இன்று காலை என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் சர்க்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். வருஷத்துக்கு ஒரு முறைதான் கொடுப்பார், அதுவும் புனித வாரத்தில். தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனிலிருந்து நாற்பது நாளாகக் கறி இல்லை, பிராந்தி இல்லை, இனிப்பு இல்லை. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? சாமிக்கு ஒறுத்தல், டாக்டருக்கு நல்ல ரிப்போர்ட். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ரெட்டியார்பாளையத்தில் இவர் கூட்டாளிகள் எல்லாரும் இப்படித்தான்.

27 மார்ச்

புது டாக்டர் பூர்ணிமா ரிப்போர்ட்டை விட்டுவிட்டு இவர் தொப்பையைப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி சொல்லும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். போன வருஷ ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று இருந்ததையும் கேட்டார். தொப்பையும் சர்க்கரையும் வருஷக்கணக்கில் சேர்ந்தே இருந்தால் இதயத்துக்கு மட்டுமல்ல, சில புற்றுநோய்களுக்கும் வாய்ப்பு கூடுமாம். இவர் சிரித்தார்.

"நான் சிகரெட்டே தொட்டதில்ல டாக்டர். எனக்கு எப்படி வரும்?"

வரும் வழியெல்லாம் எனக்குத்தான் திட்டு. டாக்டர் சொன்னதற்கு நான் தலையாட்டினேனாம்.

31 மார்ச், ஈஸ்டர்

மட்டன், பன்றிக்கறி வறுவல், கேக், பிராந்தி. மூன்று மாத டெஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை.

16 ஜூன்

இவர் இளைத்துவிட்டார். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குப் பாராட்டு. தவக்காலத்தின் பலன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். ஆனால் தட்டில் சோறு குறையவே இல்லையே, பிறகு எப்படி இளைக்கிறார்?

4 ஜூலை

கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்லி நாத்தனார் போன்.

19 ஜூலை

கணையத்தில் புற்று. ஈரலுக்கும் போய்விட்டதாம். ஆபரேஷன் செய்ய முடியாது என்கிறார்கள்.

டாக்டர் பூர்ணிமாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன், சர்க்கரையால்தானா என்று.

"இவருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பைக் கூட்டும், அவ்ளோதான் சொல்லலாம்."

அடித்துச் சொல்லியிருந்தால் இவரை முழு மனசோடு திட்டியாவது தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

28 ஜூலை

நாத்தனார் வந்தாள். "அந்தோணிமேரி, எல்லாம் நீ ஆக்கிப் போட்டதுதான்."

ஆமாம்டி, ஆக்கினது நான்தான். தின்னது யாரு? குறைச்சு வெச்சா தட்டைத் தள்ளிட்டு எழுந்து போனாரே — அப்ப நீ எங்க போன? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பாட்டில் வாங்கிட்டு வந்தது உன் புருஷன்தானே?

இதெல்லாம் மனசுக்குள்தான். காபி போட்டுக் கொடுத்தேன்.

12 அக்டோபர்

விடியும் முன் போய்விட்டார்.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

எல்லாரும் கல்லறையைக் கழுவிப் பூ வைத்தார்கள். எங்களுடையது இன்னும் மண் மேடுதான். இவர் கூட்டாளிகள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் தொப்பை. யாரிடம் என்ன சொல்ல?

9 பிப்ரவரி 2025

பீரோவைக் காலி செய்தேன். இளைப்பதற்கு முன் அவர் போட்ட பேன்ட்டுகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று கட்டி வைத்தேன். கிளாட்வின் ஒன்றை உருவிப் போட்டுப் பார்த்தான். என் ஒரே பிள்ளை, வயது முப்பத்தொன்று.

"ம்மா, எனக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

கண்ணாடி முன் நின்று சிரிக்கிறான். நாளைக்கே போய் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம்டா என்றேன்.

"தவக்காலம் வரட்டும்மா, எடுத்துக்கலாம்."

பாவி. அப்பனைப் புதைச்சு நாலு மாசம்கூட ஆவலயேடா.

10 பிப்ரவரி

மூன்று மாத டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு வேண்டியதில்லையாம். கிறிஸ்மஸ் கேக்கிலிருந்து நேற்றுத் தின்ற பிரியாணி வரைக்கும் எல்லாம் அதில் தெரிந்துவிடும். இட்லி சாப்பிட்ட கையோடு அவனை இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டினான், அப்படியே அவன் அப்பா மாதிரி. திட்டட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேன்ட்டை வெட்டி அடுப்படிக்குக் கரித்துணி ஆக்கிவிட்டேன். ரிப்போர்ட் நாளைக்கு.