பங்குனி உத்திரத்து ஏட்டில் முரசுக்குப் பின் உள்ள வரி

குருகாறு கடல் சேரும் வரை குடைநிழல் பரப்பிய வெண்குருகு நாட்டின் அரசி நீலவேணி நாச்சியார், மலையும் மடையும் காக்கும் குறும்பொறை நாட்டு வேந்தரும் எமக்குச் சம்பந்தியாகப் போகிறவருமான சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க; தினைப்புனங்கள் கிளியறியாமல் விளைக.

தங்கள் தூதர் கண்ணந்தையார் வந்து சேர்ந்தார். எம் மகள் வானவல்லிக்கும் தங்கள் மகன் எயினனுக்கும் பங்குனி உத்திரத்தில் மணம் என்று இரு நாட்டுக் கணியரும் குறித்த பின்பு, தாங்கள் மனம் வருந்தும் காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முன் ஆண்டுகளில் அன்றைய நாளில் நடந்தவற்றைக் காலைதோறும் நாளேட்டிலிருந்து வாசிப்பது எம் அவையின் வழக்கம். பங்குனி உத்திரத்து ஏட்டில், இந்நகருக்குக் கால்கோள் இட்டதும், பேரேரிக்குக் கரை எழுப்பியதும், கருங்கல் துறைப் போரில் எம் தந்தையார் தங்கள் தந்தையாரை வென்றதும் வரும். மணமகன் வீட்டார் சந்தனம் பூசி அமர்ந்து தம் தோல்வியைக் கேட்பதா, மணநாளை மாற்றுங்கள் அல்லது அவ்வரியை நீக்குங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரியைச் சுரண்டிவிடலாம் என்றனர் அமைச்சர்கள். சுரண்டிய ஏட்டின் முன் மாலை மாற்றுவதைவிட மணமே வேண்டாம் என்றாள் மகள். சொல்லிவிட்டு இரண்டு நாள் உண்ணவில்லை. எயினன்மேல் அவள் வைத்த அன்பின் அளவு எமக்கு அதில் தெரிந்தது.

ஏடு வாசிக்கும் முதியவர் நக்கனாரை அழைத்தோம். வெற்றி என்ற சொல் வந்ததும் முரசு முழங்கும், அவை எழும், அத்துடன் வாசிப்பு நிற்கும். ஆனால் ஏடு அங்கே முடியவில்லை என்றார் அவர். இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். முரசுக்குமேல் தம் குரல் ஏறாது என்றும், கேட்க யாரும் அமர்ந்திருந்ததுமில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

மிச்சத்தை யாமே வாசித்தோம். போருக்குப் பின் ஒன்பதாம் ஆண்டு, எம் பேரேரி தரை தெரிய வறண்ட பங்குனி உத்திரத்தன்று, போரில் தோற்ற தங்கள் தந்தையார் தம் நாற்றங்கால் காயக் காய மலைமடையைத் திறந்து ஏழு நாள் நீர் விட்டார். கைம்மாறு கேட்டு ஓர் ஓலையும் அவர் அனுப்பவில்லை. எம் தந்தையார் தம் கையாலேயே இதை எழுதியிருக்கிறார். அவர் மகளாகிய யாம் ஒவ்வோர் ஆண்டும் முரசொலியில் எழுந்து போயிருக்கிறோம்.

ஆகவே நாளும் மாறாது, வரியும் நீங்காது. எம் தந்தையாரின் வெற்றியில் எமக்குள்ள பெருமையைத் தங்களுக்காகக் குறைத்துக்கொள்ளவும் மாட்டோம். ஆயினும் இனி ஏடு முழுதும் வாசித்த பின்பே முரசு கொட்ட வேண்டும் என்று ஆணையிட்டுவிட்டோம். நீர் விட்ட வரி வரும்போது அவை முழுதும், எம் படைத்தலைவர்கள் உட்பட, எழுந்து நிற்கும். அவ்வரியைத் தானே வாசிக்க வேண்டும் என்று தங்கள் மருமகள் கேட்டிருக்கிறாள், இசைந்தோம்.

உறவினர் ஒருவரையும் விடாமல் அழைத்து வருக. ஊர் எல்லையில் யாமே எதிர்கொள்வோம். குருகு முத்திரை இட்டு, வானவல்லி இன்று உண்டாள் என்ற செய்தியையும் சேர்த்து, கண்ணந்தையார் கையில் இதைத் தந்தோம்.